சின்னவ என்ற பெயரும் பிரம்பு நாற்காலிப் படமும்

நம் போன் குழுவில் என் பெயர் சின்னவ என்று இருப்பதைப் பார்த்துப் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: "உனக்குத்தான் அக்காவே கிடையாதே, எந்தக் கணக்குல நீ சின்னவ?" அதற்குக் கீழே இன்னொருவர், "பேரோட போட்டிருக்கிற படத்துல எவ்வளவு லட்சணமா இருக்க, இப்ப பாருலா" என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டிருந்தார். நானும் பதிலுக்கு ஒரு பொம்மை போட்டேன். ஆனால் அதற்குப் பிறகு மூன்று நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். நாலு வரியில் அடங்குகிற விஷயமாக இல்லை. அதனால் நீளமாகவே எழுதிவிடுகிறேன். நீங்கள் எல்லாரும் என்னோடு ஒரே தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் படித்தவர்கள், அவகாசம் இருக்கும்போது படியுங்கள். இதில் பாதி எனக்கே விளங்காதது. யாருக்காவது கூடுதலாகத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

படத்தில் இருப்பது நான் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் ஒரு சீனர் போட்டோக் கடை இருந்ததே, கண்ணாடிக் கதவில் கல்யாணப் பெண் படம் ஒட்டி வைத்திருப்பாரே, அங்கே எடுத்த படம் அது. பிரம்பு நாற்காலி. கம்பளி நூல் தொப்பி. ஒரு காலில் சாக்ஸ் இருக்கிறது, மறு காலில் இல்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை, கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் யாரையோ பார்த்து வாயைத் திறந்திருக்கிறது. நாற்காலிக் கையைப் பிடித்தபடி ஒரு பெரிய விரல் ஓரத்தில் தெரியும். போனில் சின்னதாகத் தெரிவதால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்த விரல் என் அப்பாவுடையது.

பெயருக்கு வருகிறேன். உங்களுக்கெல்லாம் என் பள்ளிக்கூடப் பெயர் தெரியும். வாத்தியார் கூப்பிட்டதும் அதுதான், அப்பா வெளியாட்கள் முன்னால் கூப்பிட்டதும் அதுதான். அம்மா மட்டும் அந்தப் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்கு நான் சின்னவ. "சின்னவளே, தண்ணி பிடிச்சு வை." "சின்னவ எங்கடா?" வீட்டில் எனக்கு மூத்தவர் யாரும் இல்லை, எனக்குக் கீழே ஒரு தம்பி இருந்தான். தம்பியை வைத்துப் பார்த்தால் நான்தானே பெரியவ? ஒரு தடவை கேட்டேன். "பேசாம தின்னு" என்றாள். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குண்டாக இல்லாத ஒருவனைக் குண்டன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம், இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் நான் எப்படி இருந்தேன் என்று நினைவிருக்கிறதா? முதல் பெஞ்சில் கால் தரையைத் தொடாமல் தொங்கும். முதல் வகுப்பில் பென்சிலைப் பிடிக்கவே ஆறு மாதம் ஆயிற்று. நீங்கள் வாய்ப்பாடு ஒப்பித்தபோது நான் ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் மலையை விட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை பெஞ்சிலேயே நனைத்திருக்கிறேன். இங்கே இருப்பவர்களில் ஒருவர் அதை மறந்திருக்க மாட்டார், அவர் பையும் நனைந்தது. வாத்தியார் அம்மாவிடம், "இந்தப் பிள்ளைக்கு மூளை மெதுவாத்தான் வளருதும்மா, நீங்க ஒண்ணும் பெருசா எதிர்பார்க்காதீங்க" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.  ஆக, நான் மக்கு. அது எனக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

நான் சொல்ல வந்த பருவம் ஆறாம் வகுப்பு முடிகிற சமயம். தீபாவளிக்கு முந்தின மழைக்காலம். லயத்துச் சுவருக்கெல்லாம் தோட்டத்தில் சுண்ணாம்பு கொடுத்திருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் கழற்றித் துடைக்கச் சொன்னாள் அம்மா. பின்பக்கத்து அட்டை ஈரத்தில் உப்பிப்போய் இருந்தது. ஆணியை நெம்பினேன். அட்டைக்கும் முருகனுக்கும் நடுவில் இந்தப் படம் இருந்தது.

நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? எங்கள் வீட்டில் போட்டோ என்றாலே அம்மாவுக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கிற நாளில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி நிறுத்திவிடுவாள். நம் வகுப்புப் படம் எதிலும் நான் இல்லை, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். அதனால், எனக்கும் ஒரு படம் இருக்கிறது என்று குதித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, இங்க பாரு, நான்!"

அம்மா சுண்ணாம்புக் கையோடு வந்து படத்தைப் பிடுங்கினாள். அவள் கை என் கன்னத்தில் விழுந்ததா, இல்லை பிடுங்கிய வேகத்தில் பட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கன்னத்தில் வெள்ளையாக ஐந்து விரல் இருந்தது என்று தம்பி சொன்னான். அப்புறம் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வந்த அப்பா, வாடின இலை வாசத்தோடு வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டு, "அது நீதான்மா. போ, விளையாடு" என்றார். நான்தான் என்றால் அம்மா ஏன் அழ வேண்டும்? என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல் அந்த வாரம் முழுவதும் சொல்லாத வேலையெல்லாம் செய்தேன்.

தீபாவளி முடிந்ததும் பன்னிரண்டு வயதானவர்களை ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்க டவுனுக்குக் கூட்டிப் போனார்கள். தோட்டத்து லோரியில் நின்றுகொண்டே போனோமே, வளைவில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்களே, அந்த நாள்தான். நீங்கள் எல்லாரும் கைநாட்டு வைத்துவிட்டுக் கறுப்பு விரலை ஒருத்தர் சட்டையில் ஒருத்தர் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். என் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் சூராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறப்புப் பத்திரத்தை நாம் சூரா என்றுதானே சொல்வோம். மறுபடி சூராவைப் பார்த்தார்.

"கெச்சில்லா இனி" என்றார். இவ்வளவு குட்டியாக இருக்கிறதே என்று.

பெரிய வாத்தியார் அவசரமாக, "ஆமா துவான், இது பிறந்ததுல இருந்தே இப்படித்தான்" என்று மலாயில் சொன்னார். மேசைக்காரர் கேட்கவில்லை. அப்பாவை வரச் சொல்லித் தாள் எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டி வயதை எழுதி வாங்கி வர வேண்டுமாம். நீங்கள் லோரியில் என்னைச் சுற்றி நின்று, "உனக்கு ஐசி கிடைக்காது, உன்னைக் கப்பல் ஏத்திருவாங்க" என்றீர்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னீர்கள். ஆனால் அது குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர்கள் பலரை ஊருக்கு அனுப்பி முடித்திருந்த காலம். எங்கள் லயத்திலேயே இரண்டு வீடு காலியாகக் கிடந்தது. என் அப்பாவின் ஐசியும் சிவப்புதான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்பாவும் நானும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அப்பா கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். 

"டாக்டர் வயசு கேட்டா பன்னெண்டுன்னு சொல்லு."

"எனக்குப் பன்னெண்டுதானேப்பா?"

"பன்னெண்டுதான்."

"அப்புறம் எதுக்குச் சொல்லித் தர்றீங்க?"

அவர் கையில் இருந்த தாளை நாலாக மடித்தார். அப்புறம் எட்டாக மடித்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார்.  

டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார், கையை அளந்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு அப்பாவைக் கோபமாகத் திட்டினார். இந்தப் பிள்ளைக்கு வீட்டில் சாப்பாடே கொடுப்பதில்லையா, இது பத்து வயதுப் பிள்ளையின் உடம்பு என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் டாக்டர், தப்புதான்" என்றார். டாக்டர் வயது பன்னிரண்டு என்றும், சத்துக் குறைவு என்றும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அப்பா எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். அந்தக் குளிரில்! திட்டு வாங்கின மனிதர் ஏன் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

அந்தத் தாள் அப்பாவைக் காப்பாற்றியது. அம்மாவைச் சும்மா விடவில்லை. சத்துக் குறைவு என்று எழுதியிருந்ததால் டவுனிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி ஜீப்பில் வர ஆரம்பித்தார். பால் மாவு டின், மீன் எண்ணெய் பாட்டில். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து ஒரு கரண்டி ஊற்றுவார். அந்த நாற்றம் இப்போதும் என் தொண்டையில் இருக்கிறது. லயம் முழுக்கப் பேச்சு ஆகிவிட்டது, பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் என்று. தன் தட்டில் இருந்ததை எனக்கு வைத்துவிட்டுக் கஞ்சித் தண்ணியைக் குடித்து வேலைக்குப் போனவள் என் அம்மா.

ஒரு மத்தியானம், கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே மிஸ்ஸி வந்துவிட்டார். பெண்கள் எல்லாரும் கூடையோடு வரிசையில் நின்றார்கள். நானும் அம்மாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டு போயிருந்தேன். மிஸ்ஸி என் கையைத் தூக்கிக் காட்டி, "ஒரு மாசமா எடை ஏறவே இல்ல. பாலை நீயே குடிச்சிர்றியா? பன்னெண்டு வயசுப் பிள்ளைம்மா இது! நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கத்தினார்.

அம்மா கூடையைக் கீழே போட்டாள். கொழுந்து சிதறியது.

"அவளுக்குப் பத்து வயசுதான்! பத்து வயசுப் பிள்ளை பத்து வயசு மாதிரிதான் இருப்பா!"

 மிஸ்ஸி பேனாவை எடுத்தார். "என்ன சொன்ன?"

அப்போது அடுத்த வீட்டு அத்தை வரிசையை விட்டு வெளியே வந்தார். அவருடைய மகள் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். அத்தை சத்தமாகச் சிரித்தார். "அட, அவளுக்கு எண்ணத் தெரியாது மிஸ்ஸி! பத்துக்கு மேல என்ன வரும்னே தெரியாது. தம்பி வயசையும் பத்துன்னுதான் சொல்லுவா. கேட்டுப் பாருங்க." உடனே மற்றப் பெண்களும் சிரித்தார்கள். "ஆமா மிஸ்ஸி, அவ ஒரு அப்பாவி." வேலை மேய்க்கிற மண்டோர்கூடச் சிரித்தார்.

மிஸ்ஸி ஐந்து விரலை விரித்து, "இது எத்தனை?" என்று கேட்டார்.

அம்மா அந்தக் கையை நன்றாகப் பார்த்தாள். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். "நாலு" என்றாள்.

மிஸ்ஸி பேனாவை மூடிவிட்டார்.

நான் அப்பாவிடம் போய், எனக்குப் பத்தா பன்னிரண்டா என்று கேட்டேன். "உங்கம்மாவுக்கு எண்ணத் தெரியாது" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் நம்பினேன். நீங்களும் நம்பினீர்கள். அப்புறம் நாம் என்ன செய்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? அம்மா வேலை முடிந்து மேட்டில் ஏறி வரும்போது வழியில் நின்று விரலைக் காட்டி, "இது எத்தனை, இது எத்தனை?" என்று கேட்போம். அவள் தப்புத் தப்பாகச் சொல்லிவிட்டு நடப்பாள். நாம் விழுந்து விழுந்து சிரிப்போம். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அது இரண்டு மாதம் நடந்தது. எத்தனை தேயிலை நிரையை யார் கிள்ளினார்கள் என்று விரல் மடக்காமல் சொல்லக்கூடியவள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் நான் அவளிடம் மூன்று விரலைக் காட்டி, "இது எத்தனைம்மா?" என்று கேட்டேன். வெறும் பழக்கத்தில்தான். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினாள். என் மூன்று விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிடியை விடவே இல்லை. ஸ்டோரைத் தாண்டி, மேல் மலையின் கடைசி நிரையையும் தாண்டி, காட்டு ஓரம் வரை என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு பெரிய பெரணி மரத்தடியில் மூன்று கல் கிடந்தது. வேறொன்றும் இல்லை.

"பெரியவ இங்க இருக்கா" என்றாள்.

நான் கல்லைப் பார்த்தேன். எனக்கு முதலில் புரியவில்லை.

மழை விடாமல் பெய்து ரோட்டில் மண் சரிந்துவிட்டதாம். மருந்து கொடுக்கிற தோட்டத்து டிரஸர் கீழே போனவர் திரும்ப முடியவில்லை. இரண்டு நாள் காய்ச்சல். பிள்ளைக்கு இரண்டு வயது ஆக இரண்டு மாதம் இருந்தது. அம்மா அப்போது என்னைச் சுமந்துகொண்டிருந்தாள். போட்டோக் கடைக்குப் போய் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. படம் எடுத்ததால்தான் பிள்ளை போனது என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. அப்பா இறப்பைப் பதிய வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் போயிருக்கிறார். கிராணி, "ஆளோ சிவப்பு ஐசி. ஆபீசுக்குப் போனா ஆயிரம் கேள்வி வரும். அடுத்தது பொண்ணாப் பொறந்தா அந்த சூராவையே வெச்சுக்க" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு மாதத்தில் நான் பிறந்தேன்.

"பொண்ணுக்குப் பொண்ணு சரியாப் போச்சுன்னாங்க" என்றாள் அம்மா. "எனக்கு என்ன சரியாப் போச்சு? அந்தப் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரல. அப்புறம் இவளை யாருன்னு சொல்றது?"

நீங்கள் என்ன நினைப்பீர்களோ, எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு வந்த முதல் யோசனையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "அப்ப நான் மக்கு இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா நீ மக்குன்னு?" என்றாள். அதைக் கேட்டுத்தான் அவள் அழுதாள், கல்லைப் பார்த்து அழவில்லை.

"யாருகிட்டயும் சொல்லிராத. அப்பாவைப் பிடிச்சுட்டுப் போயிருவாங்க." நான் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வருஷமாகச் சொல்லவில்லை. ஆனால் இப்போது யோசித்தால் குழப்பமாக இருக்கிறது. நான் யாரிடமிருந்து மறைத்தேன்? அன்று வரிசையில் நின்று சிரித்த பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். உங்கள் அம்மாக்கள் அவர்கள். பெரியவளைக் கடைசியாகக் குளிப்பாட்டியதே அந்த அடுத்த வீட்டு அத்தைதானாம். தங்கள் பிள்ளைகளிடம்கூட ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. என் அம்மாவைக் காப்பாற்ற அவளைக் கோமாளி ஆக்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை அவர்களுக்கு. அதற்கு நன்றி சொல்வதா, வருத்தப்படுவதா, எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

ஐசி வந்தது. நீல ஐசி. பெரியவளின் பெயர், பெரியவளின் பிறந்தநாள், என் முகம். வாழ்க்கையில் எனக்கு எடுத்த முதல் படம் அதுதான். அம்மா அதை ஒரு தடவைகூடக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. இடைநிலைப் பள்ளியில் எனக்கு ஓடவில்லை. மூளை மெதுவில்லை என்று தெரிந்த பிறகும், வயதுக்கு மேலே இரண்டு வருஷம் எட்டிப் பிடிப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. காகிதத்தில் பதினைந்து ஆனதும் கொழுந்து கிள்ளப் போனேன். அப்புறம் கல்யாணம், கம்போங் ராஜாவில் வீடு, பிள்ளை. என்னுடைய சொந்தப் பிறந்தநாளை அம்மாவிடம் கேட்டேன். "ரோட்டுல இன்னும் மண்ணை அள்ளிக்கிட்டு இருந்தாங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்த தேதி அவ்வளவுதான். அவள் போய் இருபது வருஷம் ஆகிறது.

அப்பா கடைசி காலத்தில் என்னோடுதான் இருந்தார். பெரியவளைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் நான் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. போன வருஷம் அவருக்கு ஆட்கள் அடையாளம் தப்ப ஆரம்பித்தது. ஒரு காலை, வாசலில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பெரியவளே" என்றார். "எப்ப வந்த?"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். "இப்பத்தான்பா."

"சின்னவ எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்காப்பா" என்றேன்.

"அவளைப் பார்த்துக்க. பாவம் அது. அவ பேருல நான் ஒரு எழுத்துகூட எழுதி வைக்கல." கஞ்சி வழிந்த வாயைத் துடைக்கவிடாமல் என் கையைத் தள்ளினார். "சொல்லு, பார்த்துக்குவேன்னு."

"பார்த்துக்குறேன்பா" என்றேன். அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தார்.

அவர் காரியம் முடிந்த வாரம்தான் மகள் இந்தப் போனை வாங்கிக் கொடுத்து, நம் குழுவில் சேர்த்துவிட உட்கார்ந்தாள். "என்ன பேரு போடட்டும்மா?" என்றாள். சின்னவ என்று போடச் சொன்னேன். படம் கேட்டாள். அந்தப் பெயருக்குப் பொருத்தமாக என் சின்ன வயதுப் படம் ஒன்று போடலாம் என்று ஆசைப்பட்டேன். அப்படி ஒன்று எடுக்கவே இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே படம். அதைக் கொடுத்தேன். ஒருத்தியின் பெயரையும் இன்னொருத்தியின் முகத்தையும் சேர்த்து ஒட்டியது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"இது நீங்களாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"ஆமா" என்றேன். அப்பா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டேன்.

இப்போது அவள் பூத்தோட்டத்தில் சாமந்தி வெட்டிக்கொண்டிருக்கிறாள். நாலு மணிக்கு வருவாள். டீ போட்டு வைத்திருக்கிறேன். இதை முதலில் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு, அப்புறம்தான் உங்களுக்கு அனுப்பப் போகிறேன்.